மாதையனின் பனிக்கப்பல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாய்லர் அட்டெண்டண்ட் வேலை. பிரஷர் கேஜில் முள் காட்டினால் நம்புவேன், காட்டாவிட்டால் நம்பமாட்டேன், அதற்குமேல் எனக்கு வேதாந்தம் எல்லாம் கிடையாது. எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் புளியமரத்துக்குப் புளியமரம் ஒரு கதை சொல்வார்கள். அத்தனை மரத்தடியிலும் சைக்கிளை நிறுத்தி இளைப்பாறிவிட்டு வந்திருக்கிறேன், ஒன்றும் என்னைப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவன் சொல்கிறான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், ஆயுத பூஜை அன்று, வெளியே மைக் செட் அலறிக்கொண்டிருந்தபோது.

நான் வேலை செய்வது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில். சீசனில் பாய்லர் இரவு பகலாக எரியும். சீசன் முடிந்தால் அது தூங்கிவிடும், கூழ் ட்ரம்கள் எல்லாம் குளிர் அறைக்குள் போய்விடும். பெரிய அறை அது, மைனஸ் பதினெட்டு. அந்த அறைக்கு மெக்கானிக் மாதையன், கல்லாவி ஊர்க்காரன், என் உயிர் சிநேகிதன். இரண்டு பேரும் முதலில் ஓசூரில் வேலை பார்த்தோம், மூக்கண்டப்பள்ளியில் ஒரு ரூமில் ஆறு பேர், அதில் மாதையன் ஒருவனே இரண்டு ஆள் இடத்தை எடுத்துக்கொள்வான். தொண்ணூறு கிலோ. நான் அன்றைக்கும் இன்றைக்கும் ஐம்பத்திரண்டுதான். அவன் திரும்பிப் படுத்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவனுக்குக் குளிரே ஆகாது. குளிர் அறை மெக்கானிக், மார்கழியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்க இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு வருவான்.

அந்த ரூமில்தான் அவனுக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது. போனில் எதையோ தள்ளிக்கொண்டு போனபோது ஒரு வீடியோ வந்ததாம். பனிக்கடலை உடைத்துக்கொண்டு போகிற கப்பல். கடலையே அதுவரை நேரில் பார்க்காதவன், அன்று ராத்திரி எங்களில் ஒருவரையும் தூங்க விடவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் என்னையும் விடவில்லை. அதனால் அந்தக் கதை எனக்கு மனப்பாடம்.

ரஷ்யாவில் ஒரு தீவு, அதில் துறைமுகம். கரை எதிரே தெரிகிற தூரம்தான். கடல் உருகியிருந்தால் படகில் போவார்கள், கெட்டியாக உறைந்துவிட்டால் பனிமேலேயே சறுக்குவண்டியில் போவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பருவம் இருக்கிறதே, படகும் போகாது, வண்டியையும் தாங்காது, அப்போது அந்தத் தீவு தனியாகக் கிடக்கும். கடிதம்கூடப் போக வழியில்லாமல் தவிப்பார்கள். அந்த ஊர் வியாபாரி ஒருவர் தன்னிடம் இருந்த சின்ன நீராவிக் கப்பலை எடுத்தார். பைலட் என்று பேர். அதன் முன்மூக்கைச் சரிவாக வெட்டி மாற்றினார். அவ்வளவுதான் வேலை. ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் நடந்தது இது.

"மூக்க எதுக்குடா சரிவா வெட்னாங்க?" என்று நான் கேட்கவேண்டும், அது என் பங்கு. கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வான்.

"பனிய முட்டக் கூடாதுடா பெருமா. முட்டுனா கப்பலுக்குத்தான் அடி. சரிவா இருந்தா அப்படியே பனிமேல ஏறும். ஏறி நின்னுச்சுன்னா கப்பலோட கனமே பனிய ஒடைச்சிரும். இன்னொருத்தன் பெரிய பெரிய இரும்புக் குண்டத் தூக்கிப் பனிமேல போட்டுப் பாத்தான், அது வேலைக்கு ஆவல. இந்தப் பைலட்டு சும்மா ஏறி ஒக்காந்துச்சு, ஒடஞ்சிருச்சு."

"அப்ப உன்ன அனுப்பியிருந்தா கப்பலே வேணாமே."

"எடை இருந்தாத்தான்டா பனி ஒடையும். உன்னாட்டம் ஒட்டடக்குச்சி ஏறுனா பனிக்கே தெரியாது."

அப்புறம் ஜெர்மனியில் ஒரு குளிர்காலம் துறைமுகமே உறைந்து போனதும், அங்கிருந்து வந்து அந்தக் கப்பலின் வரைபடத்தை வாங்கிப் போய் அவர்கள் கட்டியதும், அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் கட்டியதும் என்று கதை நீளும். அதற்கெல்லாம் முன்னாலேயே அமெரிக்காவில் பனி உடைக்க ஒரு மரக்கப்பல் இருந்தது, இரண்டு பக்கமும் சக்கரம் சுற்றுகிற கப்பல் என்று நானும் ஒருநாள் தேடிப் பிடித்துச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அது இருக்கட்டும், மூக்கு இதுக்குத்தான் அழகு" என்றான்.

அவனுக்கு ஏன் அந்தக் கப்பல்மேல் அவ்வளவு பிரியம் என்று ஒருமுறை கேட்டேன். நீராவி என்னுடையது, பனி அவனுடையது, இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் வேலை செய்தது அந்தக் கப்பலில்தான் என்றான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டான்.

இந்த ஃபேக்டரிக்கு வந்த பிறகு பைலட்டை ஒரு பொம்மையாகவே செய்தான். பழைய ட்ரம் மூடியை வெட்டித் தட்டி உடம்பு, ஏசி கப்பாசிட்டரின் வெறும் டப்பா புகைபோக்கி. முழங்கை நீளம் இருக்கும். மூக்கு மட்டும் அவ்வளவு அழகான சரிவு. அதைக் குளிர் அறையில் கடைசி ராக்கில் வைத்தான். பனிக்கப்பல் பனியில்தான் இருக்கவேண்டுமாம். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே கொண்டுவந்து ஸ்பேனர், சுத்தியலோடு வைத்துப் பொட்டு வைப்பான்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தான், அதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. குளிர் அறைக் கதவைச் சாத்துமுன் வாயாலேயே கப்பல் மாதிரி மூன்று தரம் ஊதுவான். பூம், பூம், பூம். உள்ளே யாராவது ராக்குக்குப் பின்னால் நின்றால் ஒரு தரம் பதில் ஊதவேண்டும். மூன்று என்றால் சாத்தப்போகிறேன், ஒன்று என்றால் ஆள் இருக்கிறேன், சாத்தாதே. லேபர் பெண்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஊதுவார்கள். அவன் இருந்தவரை ஒருவர்கூட உள்ளே மாட்டியதில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்குக் கல்லாவி போனவன், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. எனக்குப் போன் வந்தபோது நான் நம்பாமல் போன் செய்தவனைத் திட்டினேன். அவனைத் தூக்க ஆறு பேர் போதாமல் எட்டு பேர் போனோம். அந்த நேரத்திலும் எனக்கு அவன் எடையைச் சொல்லிக் கிண்டல் செய்யவேண்டும்போல இருந்தது, கேட்க அவன் இல்லை. அதோடு ஊதுகிற பழக்கமும் நின்றுபோனது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். அன்று ஃபேக்டரி முழுக்கக் கழுவி விடுவது எங்கள் வழக்கம். பேனல் போர்டைத் துடைக்க மெயினை அணைத்துவிடுவோம். மைக் செட்காரர் சொந்த ஜெனரேட்டரோடு வந்திருந்தார், அதனால் பாட்டு மட்டும் ஓடியது. குளிர் அறைக் கதவுக்கு உள்பக்கம், யாராவது மாட்டிக்கொண்டால் உடைத்துக்கொண்டு வர ஒரு கைக்கோடாலி தொங்கும். ஆயுத பூஜை ஆயிற்றே, கோடாலி ஆயுதம்தானே, அதையும் கழற்றிக் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமி முன்னால் வைத்தாயிற்று. கழற்றியது வேறு யாரும் இல்லை, நான்தான். அறை வாசலில் பைப்பைப் பிடித்துத் தரையை அடித்துக் கழுவியதும் நான்தான். தண்ணீர் கதவடியில் தேங்கி நின்றது. அதைத் தள்ளிவிட்டிருக்கவேண்டும், புது வேட்டி நனைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். கதவுச் சட்டத்தில் பனி பிடிக்காமல் இருக்க ஒரு ஹீட்டர் கம்பி ஓடும், மெயின் இல்லாததால் அதுவும் செத்துக் கிடந்தது. உள்ளே இருக்கிற அபாய மணியும் அப்படித்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம்தான்.

பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தபோது மாதையன் பெண்சாதி சித்ரா வந்தாள். சீசனில் பழம் பிரிக்கிற லைனில் வேலை செய்கிறவள். சாமி முன்னால் ஒருமுறை பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அவரு கப்பல் எங்கண்ணா?"

எனக்குச் சுருக்கென்றது. மறந்தே போயிருந்தேன். "இரும்மா, ரெண்டு நிமிசத்துல எடுத்தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். போனையும் பூஜைக்கென்று சாமி முன்னால் வைத்திருந்தேன், அது அங்கேயே இருந்தது. வேட்டி, அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு. ரெண்டு நிமிஷம்தானே என்று குளிர்க்கோட்டும் போடவில்லை.

கதவைத் திறந்தபோது தேங்கிய தண்ணீர் என்னோடு உள்ளே ஓடி வந்தது. கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. கையில் இருந்த சின்ன டார்ச்சை அடித்துக்கொண்டு கடைசி ராக்குக்குப் போனேன். கப்பல் அங்கேயே இருந்தது, அவன் கை படாத ஒன்பது மாதப் பனி மூடி வெள்ளையாக. எடுத்தால் வரவில்லை, ராக்கோடு உறைந்து ஒட்டியிருந்தது. "வாடா, பொறப்படு" என்று அதனோடு பேசிக்கொண்டே சாவிக்கொத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்து உள்பக்கத் தள்ளு கைப்பிடியை அழுத்தினேன். தாழ் விலகியது, கதவு அசையவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தால் கதவடியில் அந்தத் தண்ணீர் ரூபாய் நாணயக் கனத்துக்குக் கண்ணாடியாக உறைந்து, கதவையும் தரையையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. ரப்பர் ஓரமும் அப்படியே. கோடாலி தொங்குகிற கொக்கியில் கோடாலி இல்லை.

தோளால் முட்டினேன். செருப்பு வழுக்கி விழுந்தேன். எழுந்து திரும்ப முட்டினேன். கத்தினேன். அந்தக் கதவு ஒரு சாண் கனம், வெளியே அம்மன் பாட்டு. சித்ரா தேடுவாள் என்று நினைத்தேன், ஆனால் இந்தப் பெருமாள் எங்கேயோ டீக்கு நின்றுவிட்டான் என்று அவள் நினைப்பாள் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்படிப்பட்ட ஆள்தான். வேட்டி ஓரம் நனைந்தது அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. டார்ச்சும் மங்கி அணைந்தது. என் மகள் அப்போது பிளஸ் டூ. அவள் முகம் வந்தது, அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று தூக்கம் வந்தது. குளிரில் தூக்கம் வந்தால் முடிந்தது என்று மாதையன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அப்படியும் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, வாயைக் குவித்து ஊதினேன். பூம், பூம், பூம். உள்ளே இருக்கிறவன் ஒன்றுதான் ஊதவேண்டும், புத்தி பேதலித்து மூன்று ஊதிவிட்டேன்.

கடைசி ராக்குப் பக்கமிருந்து ஒன்று வந்தது. பூம்.

நம்பினால் நம்புங்கள். அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. மெயின் அணைந்திருந்ததால் ஃபேன் சத்தம், மோட்டார் சத்தம் எதுவும் இல்லை. எனக்குப் பயம் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆச்சரியம். தெரிந்த ஆள் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தால் வருமே ஒரு நிம்மதி, அதுதான் வந்தது. அதோடு, "முட்டாதடா பெருமா, ஏறு" என்றும் வந்தது. காதில் கேட்டதா, நினைவில் வந்ததா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

எழுந்து தடவினேன். ட்ரம் உருட்டுகிற பலகை சுவரோரம் இருந்தது, நல்ல கனமான வேங்கைப் பலகை. அதன் ஒரு முனையைத் தரையில் ராக்கின் காலுக்கு முட்டுக்கொடுத்தேன். மறுமுனையைக் கதவில் முழங்கால் உயரத்துக்குச் சாய்த்தேன். மேலே எடை ஏறினால் கதவு வெளியே தள்ளப்படவேண்டும். கப்பலை மார்போடு அணைத்துக்கொண்டு பலகைமேல் ஏறினேன். பலகை லேசாக வளைந்தது, அவ்வளவுதான். குதித்துப் பார்த்தேன். ஒட்டடக்குச்சி ஏறினால் பனிக்கே தெரியாது என்று சொன்னானே, அதேதான். "என் எடை பத்தலடா மாதையா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

என் பின்னால் பலகை அமுங்கியது.

ஒரு ஆள் காலை எடுத்து வைத்து ஏறுவது எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு, படகிலோ கயிற்றுக்கட்டிலிலோ பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் நாம் அந்தப் பக்கம் சாய்வோமே, அப்படிச் சாய்ந்தேன். ஒரு காலடி, இன்னொரு காலடி. பிடரியில் மூச்சு பட்டது, அந்தக் குளிரில் வெதுவெதுப்பாக. அவன் எப்போதும் நெற்றியில் தடவிக்கொள்கிற தலைவலித் தைலத்தின் வாசனை. மூக்கண்டப்பள்ளி ரூமில் வருஷக்கணக்கில் என் பக்கத்தில் படுத்த எடை அது, எனக்குத் தெரியாதா? நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவான் என்று தோன்றியது.

காலுக்கடியில் பலகை மளமளவென்று முனகியது. கதவடியில் கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடியது. கதவு திறந்து நான் வெளிச்சத்தில் போய் விழுந்தேன். முகம் ஈரத்தரையில், கப்பல் நெஞ்சுக்கடியில். ஹாலில் அப்போதுதான் கற்பூரம் காட்டி மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் நஞ்சப்பாதான் முதலில் பார்த்து ஓடிவந்தார். "ஏனாயித்ரீ, ஏனாயித்து?" என்று, என்ன ஆனதோ என்ற பதற்றத்தில் அவர் கன்னடத்தில் கத்த, பாட்டு நின்றது, கோணிப்பையும் டீயும் வந்தன, கூட்டம் கூடியது. நான் நடந்ததில் பாதியைத்தான் சொன்னேன். பலகையை வைத்துத் தள்ளினேன் என்றேன், எல்லோரும் என் மூளையைப் பாராட்டினார்கள். நஞ்சப்பா மட்டும் பலகையை வெளியே தூக்கிவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் குறுக்கே விரிசல். கூழ் நிரம்பிய ட்ரம் தினமும் உருளுகிற பலகை அது. "உன் வெயிட்டு இன்னாய்யா?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு என்றேன். அவர் பலகையைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

கப்பலைச் சாமி முன்னால் வைத்து சித்ராவே பொட்டு வைத்தாள். பூஜை முடிந்து எல்லோரும் பொரி வாங்கப் போனபோது அவளிடம் மட்டும் முழுக்கச் சொன்னேன். அழுவாள், இல்லை பயப்படுவாள், இல்லை இந்த அண்ணனுக்குக் குளிரில் மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"ஸ்வெட்டர் போட்டிருந்தாராண்ணா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "ரெண்டு போட்டிருந்தான்மா, குல்லாவும் இருந்துச்சு" என்றேன். அந்த ஒரு பொய்யை மட்டும் இந்தக் கதையில் நான் சொல்லியிருக்கிறேன், அது அவளுக்காக.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோடாலிக்கு இப்போதெல்லாம் தொங்குகிற இடத்திலேயே பொட்டு வைத்துவிடுகிறோம். கப்பல் கடைசி ராக்கில் அதன் இடத்தில் இருக்கிறது. ஊதுகிற பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்த பிறகு, தலைகளை எண்ணிவிட்டு, கதவில் நின்று மூன்று ஊதுகிறேன்.

சில நாள் பதில் வருகிறது. குளிர் அறை சர்வீசுக்கு வருகிற இன்ஜினியர் பையனிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். பெரிய அறையில் எதிரொலி வருவது சகஜம் சார் என்றான். படித்தவன், சரியாகத்தான் சொல்லியிருப்பான். ஆனால் எதிரொலி என்றால் மூன்று வரவேண்டும் அல்லவா? எனக்கு வருவது ஒன்று. ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்று அவனே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆள் இருக்கிறேன், சாத்தாதே.

உள்ளே ட்ரம் ட்ரம்மாகக் கூழ் இருக்கிறது, சாத்தாமல் விட முடியாது. "மாதையா, சாத்தறன்டா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். வெளித்தாழ்ப்பாளைப் போட மட்டும் எனக்கு இன்றுவரை கை வரவில்லை. அதை நஞ்சப்பா வந்து போட்டுக்கொள்கிறார், ஏன் என்று இதுவரை அவர் கேட்டதில்லை.